ரெண்டாம் பாகத்தில் ஜாம்பி ஓடினால் மட்டும் போதாது

முதல் பாகம் பார்த்துவிட்டு வந்தவனை இரண்டாம் பாகத்தில் பயமுறுத்துவது லேசுப்பட்ட காரியம் இல்லை. அதிலும் ஜாம்பி படம் என்றால் இன்னும் கஷ்டம். கடித்தால் பரவும், ரத்தம் பட்டால் பரவும், கண் சிவக்கும், அடுத்த நொடி எழுந்து ஓடி வருவான், எல்லாமே அவனுக்கு மனப்பாடம். பேய்ப் படம் என்றால் பேய்க்குப் புதுசாக ஒரு பிளாஷ்பேக் வைத்தாவது சமாளிக்கலாம், வைரஸுக்கு எங்கே போய் பிளாஷ்பேக் வைப்பது? அதனால் பெரும்பாலானவர்கள் சுலபமான வழிக்குப் போய்விடுகிறார்கள். அதில் நூறு பேர் ஓடினால் இதில் பத்தாயிரம் பேர் ஓடட்டும், அதில் அரிவாள் என்றால் இதில் மெஷின் கன், அதில் ஒரு ஊர் என்றால் இதில் ஒரு நாடு. நம்மூர் 'பார்ட் டூ'க்களின் கதையும் இதேதான், தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

இந்த வகையில் எனக்கு இன்றைக்கும் சலிக்காத இரண்டாம் பாகம் என்றால் 2007ல் வந்த '28 வீக்ஸ் லேட்டர்'. 2002ல் டேனி பாயில் இயக்கிய '28 டேஸ் லேட்டர்' படத்தின் தொடர்ச்சி. இயக்குநர் வேறு, ஸ்பெயின்காரர், ஹுவான் கார்லோஸ் ஃப்ரெஸ்னாடில்லோ. முதல் பாகத்தில் பிழைத்த ஒருத்தர்கூட இதில் கிடையாது. லண்டனும் அந்த நோயும் மட்டும்தான் பழசு. கேட்டால் விற்பனைக்கு ஆகாத யோசனை மாதிரி இருக்கும், ஆனால் படம் நிற்பதே அதனால்தான் என்று நினைக்கிறேன்.

சித்தி மகன் ஒருத்தன் பாளையங்கோட்டைக்கு எங்கள் வீட்டுக்கு வந்திருந்தபோது இந்தப் படத்தைப் போட்டுக் காட்டினேன். பத்து நிமிஷம்கூட ஆகியிருக்காது, கடுப்பாகிவிட்டான். "என்னண்ணே இது, எடுத்த எடுப்புலயே பொண்டாட்டிய விட்டுட்டு ஓடுதான், இவனைப் போயி ஹீரோன்னு நம்பி எப்படிண்ணே படம் பாக்கது?"

அவன் கடுப்பானதுதான் அந்தப் படத்தின் வெற்றி. அந்த முதல் காட்சியைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். கிராமத்தில் ஒரு வீடு. ஜன்னல் எல்லாம் பலகை அடித்து மூடியிருக்கிறது. உள்ளே மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் ஒரு புருஷனும் பெண்டாட்டியும் சமையல் செய்துகொண்டே, ஸ்பெயினில் மாட்டிக்கொண்ட பிள்ளைகளைப் பற்றிப் பேசுகிறார்கள். அந்த வீட்டில் ஒதுங்கியிருக்கும் இன்னும் சிலரோடு சாப்பிட உட்காருகிறார்கள். வெளியே யாரோ கதவைத் தட்டுகிறார்கள், சின்னப் பையனின் குரல். திறக்கலாமா வேண்டாமா என்று ஒரு நிமிஷம் தயங்கிவிட்டுத் திறக்கிறார்கள். திறந்த கதவு வழியாகப் பளீரென்று பகல் வெளிச்சம் உள்ளே அடிக்கிறது. அதுவரை ராத்திரி என்றுதானே நினைத்துக்கொண்டிருந்தோம்! இத்தனை நாளாக இவர்கள் பகலையே பார்க்காமல் வாழ்ந்திருக்கிறார்கள் என்பதை ஒரு வசனம் இல்லாமல் சொல்லியாகிவிட்டது. அப்புறம் அந்தப் பையன் பின்னாலேயே கூட்டம் வருகிறது. மனைவி அந்தப் பையனை விட்டு வர மறுக்கிறாள், புருஷன் கதவைச் சாத்திவிட்டு ஜன்னல் வழியாகக் குதித்து ஓடுகிறான். ஓடும்போது திரும்பிப் பார்த்தால் மாடி ஜன்னலில் அவள் நிற்கிறாள்.

புருஷனாக நடித்த ராபர்ட் கார்லைல் அந்தப் பசும்புல் வெளியில் ஓடும் ஓட்டம் இருக்கிறதே, பின்னால் துரத்துகிறவர்களைவிட இவர் முகம்தான் பயமாக இருக்கும். பின்னணியில் இசையமைப்பாளர் ஜான் மர்ஃபியின் அந்த ஒரே கிதார் வரி, முதல் பாகத்தில் கேட்டதேதான், மெதுவாக ஆரம்பித்து ஒன்றின் மேல் ஒன்றாக ஏறிக்கொண்டே போகும். சத்தமாகப் போட்டுக் கேட்டால் பக்கத்து வீட்டு நாய் குரைக்கும், அனுபவம்.

அடுத்து, படம் நம்மிடம் விளக்கமே சொல்வதில்லை. நாலைந்து எழுத்து அட்டைகள், அவ்வளவுதான். ஐந்தாவது வாரம், நோய் பிடித்தவர்கள் பட்டினியில் செத்தார்கள். பதினோராவது வாரம், அமெரிக்கா தலைமையில் ராணுவம் லண்டனுக்குள் வந்தது. பதினெட்டாவது வாரம், நோய் இல்லை என்று அறிவித்தார்கள். இருபத்துநாலாவது வாரம், ஊரைத் திரும்பக் கட்ட ஆரம்பித்தார்கள். முழு சினிமாவாக எடுக்கக்கூடிய விஷயத்தை அரை நிமிஷத்தில் தாண்டிப் போகிறார்கள். இதைத்தான் நான் இரண்டாம் பாகத்தின் முதல் மரியாதை என்று சொல்வேன், பார்க்க வந்தவனுக்குத் தெரிந்ததை அவனுக்கே திரும்பப் பாடம் எடுக்காமல் இருப்பது.

இப்போது வேகத்துக்கு வருகிறேன். ஜாம்பி ஓடலாமா நடக்கத்தான் வேண்டுமா என்று சினிமாப் பைத்தியங்கள் வருஷக்கணக்காகச் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள். 1968ல் இயக்குநர் ஜார்ஜ் ரொமேரோ தன் படத்தில் காட்டிய ஜாம்பிகள் தள்ளாடித்தான் வந்தார்கள். '28 டேஸ்' ஆட்கள் செத்து எழுந்தவர்களே இல்லை, உயிரோடு இருக்கும் நோயாளிகள், அதனால் ஓட்டமும் மூர்க்கம். ஆனால் என்னைக் கேட்டால் ஓடுகிற வேகத்தைவிட முக்கியமானது நோய் ஏறுகிற வேகம். பத்து முதல் இருபது வினாடி. மெதுவான ஜாம்பி படத்தில் கடி வாங்கினவன் ஒரு ராத்திரி முழுக்கக் காய்ச்சலில் படுத்திருப்பான், குடும்பம் சுற்றி உட்கார்ந்து அழும், கடைசியாக ஒரு வார்த்தை பேசிக்கொள்ளலாம். இங்கே அதற்கு நேரம் கிடையாது. முதல் பாகத்தில் ஒரு அப்பாவின் கண்ணில் மேலேயிருந்து ஒரு சொட்டு ரத்தம் விழும். மகளைப் பார்த்து 'உன் மேல் உசிரும்மா' என்கிற மாதிரி ஒரு வாக்கியம், உடனே 'கிட்ட வராதே' என்று தள்ளிவிடுகிறார். அவ்வளவுதான் அவருக்குக் கிடைத்த நேரம்.

விடைபெற முடியாமல் போனால் மிஞ்சுகிறவனுக்கு என்ன மிஞ்சும்? குற்ற உணர்ச்சிதான். அதை எடுத்து வைத்துக்கொண்டுதான் இரண்டாம் பாகம் ஆரம்பிக்க வேண்டும் என்று கண்டுபிடித்தது அந்தப் படத்தின் கெட்டிக்காரத்தனம். கார்லைல் பிள்ளைகளிடம் அம்மா செத்துவிட்டாள், நான் ஒன்றும் செய்ய முடியவில்லை என்று கதை சொல்லி வைத்திருக்கிறார். அம்மா உயிரோடு கிடைக்கிறாள். உடம்பில் நோய் இருக்கிறது, ஆனால் அவளை ஒன்றும் செய்யவில்லை. அறிகுறி இல்லாமல் பரப்புகிறவர். 2007ல் இது விஞ்ஞானப் புனைகதை, 2020ல் டீக்கடையில் பேசிக்கொண்ட விஷயம்.

அப்புறம் அவர் போய் அவளிடம் மன்னிப்புக் கேட்டு ஒரு முத்தம் கொடுக்கிறார். அவ்வளவு ராணுவம், அவ்வளவு கேமரா, கூரை மேல் அவ்வளவு துப்பாக்கி, எல்லாம் ஒரு முத்தத்தில் முடிந்தது.

நான் சொல்ல வருவது இதுதான். இந்தப் படத்தில் நோய் ஒவ்வொரு கட்டமாகத் தாண்டுவது யாரோ ஒருத்தர் இன்னொருத்தர் மேல் பாசம் வைத்ததால். பையனுக்காகக் கதவைத் திறந்தார்கள். அம்மா போட்டோவை எடுக்கப் பிள்ளைகள் பாதுகாப்பு வளையத்தைத் தாண்டி வீட்டுக்குப் போனார்கள். புருஷன் மன்னிப்புக் கேட்கப் போனான். எல்லாரையும் சுடு என்று உத்தரவு வந்த பிறகு ஒரு சிப்பாய், துப்பாக்கி லென்ஸில் சின்னப் பையன் முகத்தைப் பார்த்துவிட்டு, சுட மாட்டேன் என்று கூரையை விட்டு இறங்கினான். கடைசியில் ஒரு பைலட் அந்தப் பிள்ளைகளைக் கடல் தாண்டிக் கூட்டிக்கொண்டு போனான், அடுத்த காட்சியில் பாரிஸில் ஈபிள் டவர் பக்கம் கூட்டம் ஓடுகிறது. அயோக்கியன் ஒருத்தன் சோதனைக்கூடக் குப்பியை உடைத்தான் என்று வைத்திருந்தால் நமக்குத் திட்ட ஒரு ஆள் கிடைத்திருப்பான். இங்கே யாரைத் திட்டுவது? அந்த இடத்தில் நாம் இருந்தாலும் திறந்திருப்போம்.

திறந்திருப்போம் என்று சும்மா சொல்லவில்லை. 2020ல் எங்கள் பக்கத்துத் தெரு ஒன்றைத் தகரம் அடித்து மூடினார்கள். உள்ளே தனியாக ஒரு ஆச்சி. பேரன் தினமும் மத்தியானம் தூக்குவாளியில் சோறும் குழம்பும் கொண்டு வருவான். தகரத்தின் அடிப்பக்கம் ஒரு மூலையில் ஆணி இல்லை, அல்லது யாரோ பிடுங்கிவிட்டார்கள், ஒரு வாளி நுழைகிற அளவுக்கு வளையும். காவலுக்கு நின்ற போலீஸ்காரர் அந்த நேரம் பார்த்து எதிர்ப்பக்கம் திரும்பி போனில் பேசுவார். ஆச்சி சோற்றை வாங்கிவிட்டு உடனே போகவும் மாட்டாள், தகரத்துக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து, புளி கூடிப்போச்சு, உங்கம்மைக்கு எப்பவும் கை நிதானம் கிடையாது என்று வம்பளந்துகொண்டிருப்பாள். அந்தப் போலீஸ்காரரைக் கடமை தவறியவர் என்று யாராவது சொன்னால் நான் சண்டைக்கு வருவேன். ஜாம்பி படத்தில் அவர்தான் ஊர் அழியக் காரணம்.

இந்த இடத்தில் இன்னொன்றும் உண்டு. முதல் பாகத்தில் பயம் வெளியே இருக்கும், இரண்டாம் பாகத்தில் அது நம்மைக் காப்பாற்ற வந்தவர்கள் பக்கம் மாற வேண்டும். '28 வீக்ஸ்' படத்தில் ராணுவம் கெட்டவர்கள் இல்லை, அதுதான் விசேஷம். முதலில் நோயாளியை மட்டும் சுடு என்று உத்தரவு. கூட்டத்தோடு கூட்டமாக ஓடுகிறவர்களில் யார் நோயாளி என்று கூரை மேல் இருப்பவனுக்குத் தெரியவில்லை. பிறகு எல்லாரையும் சுடு. அப்புறம் தீக்குண்டு, விஷவாயு. ஒவ்வொரு படியும் அதற்கு முந்தின படியிலிருந்து பார்த்தால் நியாயமாகத்தான் தெரியும். மக்களை ஓர் இடத்தில் சேர்த்துப் பூட்டி வைத்து விளக்கை அணைத்தால் என்ன ஆகும் என்பதை அந்தப் படத்தில் பாருங்கள், நான் இங்கே சொல்லப்போவதில்லை.

மற்ற இரண்டாம் பாகங்களையும் பார்த்துவிடுவோம். ஸ்பானியப் படம் 'ரெக்' 2007ல் வந்தது, 2009ல் 'ரெக் 2'. அதே பார்சிலோனா அடுக்குமாடி, அதே ராத்திரி, முதல் பாகம் முடிந்து கொஞ்ச நேரத்திலேயே இது ஆரம்பித்துவிடும். போலீஸ்காரர்களின் ஹெல்மெட்டில் இருக்கும் கேமரா வழியாகப் பார்க்கிறோம். மாடிப்படி எங்கே, பரண் எங்கே என்று நமக்கு ஏற்கெனவே தெரியும், உள்ளே போகிறவர்களுக்குத் தெரியாது. இந்த ஒரு வித்தியாசமே பாதிப் படத்தைத் தூக்கிவிடும். பிற்பாதியில் எல்லாவற்றுக்கும் காரணம் சொல்ல ஆரம்பிப்பார்கள், எனக்கு அங்கே ஆர்வம் விட்டுப்போகும்.

கொரியாவின் 'டிரெயின் டு பூசான்' 2016ல் வந்தது, ஒரே ரயில், நீளமான ஒரு தாழ்வாரம், பெட்டிக்குப் பெட்டி ஒரு கதவு. இருட்டில் ஜாம்பிகளுக்குக் கண் தெரியாது என்பதால் ஒவ்வொரு குகைப்பாதையும் ஒரு வாய்ப்பு. நாமும் மனதுக்குள் பெட்டியை எண்ணிக்கொண்டே பார்ப்போம். அதே இயக்குநர் யோன் சாங் ஹோ 2020ல் 'பெனின்சுலா' எடுத்தார். ஒரு சின்னப் பெண் ரிமோட் பொம்மைக் காரில் விளக்கும் சத்தமும் போட்டுக் கூட்டத்தைத் திசை திருப்புகிற இடம் அருமை, பழைய விதியை வைத்தே புதுசாக யோசித்திருக்கிறார்கள். ஆனால் அகலமான ரோட்டில் கார் துரத்தல் ஆரம்பித்த பிறகு ஜாம்பிகள் வெறும் வேகத்தடை ஆகிவிட்டார்கள். ஏறிப் போகலாம், திரும்பிக்கூடப் பார்க்க வேண்டாம். எங்கே நிற்கிறோம், கதவு எந்தப் பக்கம், எவ்வளவு தூரம் என்று தெரியாவிட்டால் வேகம் வெறும் குலுக்கல்தான்.

அந்தக் குற்றம் '28 வீக்ஸ்' படத்துக்கும் உண்டு, மறைக்க வேண்டியதில்லை. சில இடங்களில் கேமரா ஆடுகிற ஆட்டத்தில் யார் யாரைக் கடிக்கிறார்கள் என்றே தெரியாது. உலகத்துக்கே முக்கியமான அந்த நோயாளி அறையின் வாசலில் ஒரு காவலாள்கூட இல்லை, கட்டடப் பராமரிப்பாளரான புருஷனின் கார்டு எல்லாக் கதவையும் திறக்கிறது. நோய் வந்த பிறகும் அந்த அப்பா சொல்லி வைத்த மாதிரி பிள்ளைகள் போகிற இடமெல்லாம் வந்து நிற்பது ரொம்பவே ஓவர். ஹெலிகாப்டரைச் சாய்த்து விசிறியால் கூட்டத்தைச் சீவித் தள்ளுகிற காட்சியைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை, சித்தி மகன் அதற்கு மட்டும் எழுந்து நின்று கை தட்டினான்.

2025ல் டேனி பாயிலே திரும்ப வந்து '28 இயர்ஸ் லேட்டர்' எடுத்தார். பாரிஸ் சமாச்சாரத்தை, ஐரோப்பாவிலிருந்து நோயை விரட்டியாயிற்று என்று எழுத்தில் போட்டு முடித்துக்கொண்டார்கள். அதில் எனக்குப் பிடித்தது ஊரின் அமைப்பு. இங்கிலாந்தின் வடகிழக்கே லிண்டிஸ்ஃபார்ன் தீவு, கரையோடு அதைச் சேர்ப்பது ஒரே ஒரு தரைப்பாதை. கடல் வற்றும்போது மட்டும் நடக்கலாம், ஏறும்போது பாதை முங்கிவிடும். ஆக, கடல்தான் மதில், கடல்தான் கடிகாரம். அந்தப் பாதையில் தண்ணீர் ஏற ஏற அப்பனும் மகனும் ராத்திரியில் ஓடி வருவதைப் பார்த்தபோது எனக்கு நம்ம ஊர் தாமிரபரணி ஆறு ஞாபகத்துக்கு வந்துவிட்டது.

தமிழில் 2016லேயே 'மிருதன்' வந்தது, ஊட்டியில் ஆரம்பித்துக் கோயம்புத்தூருக்கு இறங்கும் கதை. திருநெல்வேலியில் ஒன்று எடுத்தால், நேரடியாக இரண்டாம் பாகத்திலிருந்தே எடுக்கலாம் என்பேன். டவுன் பக்கம், ஜங்ஷன் பக்கம் எல்லாம் காலி. ஈரடுக்கு மேம்பாலத்தில் புல் முளைத்துக் கிடக்கிறது. ஆற்றுக்கு இந்தப் பக்கம் பாளையங்கோட்டை பாதுகாப்பு வளையம். கலெக்டர் ஆபீஸ் கொக்கிரகுளத்தில் ஆற்றங்கரையிலேயே இருக்கிறது, ஆஸ்பத்திரி ஹைகிரவுண்டில், ஜெயிலும் இருக்கிறது, ஒரு அரசாங்கத்துக்கு வேண்டியது எல்லாம் இந்தக் கரையில் உண்டு. 1843ல் திறந்த சுலோச்சன முதலியார் பாலத்தில் மணல் மூட்டை அடுக்கிக் காவல். ரயில் பாலம், பைபாஸ் பாலம் எல்லாம் அடைத்தாயிற்று. கார்த்திகை, மார்கழியில் ஆறு கரை தொட்டு ஓடுகிறவரை நிம்மதி.

வெள்ளம் என்றால் என்ன என்று நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியபோது ஸ்ரீவைகுண்டத்தில் ஒரு ரயில் நிறைய ஜனம் தண்ணீருக்கு நடுவே மாட்டிக்கொண்டது. குறுக்குத்துறை முருகன் கோயில் முங்குவதைப் பார்க்கக் கூட்டம் கூடுகிற ஊர் இது. ஆனால் அதே ஆறு சித்திரையில் எப்படி இருக்கும்? முழங்கால் தண்ணீரில் பாறைக்குப் பாறை தாண்டி அக்கரைக்கு நடந்தே போய்விடலாம். நம்ம திருநெல்வேலிப் படத்தில் கெட்ட செய்தி சைரனில் வராது. தினமும் காலையில் வானொலியில் வரும், பாபநாசம் அணையின் நீர்மட்டம் இத்தனை அடி. 143 அடி அணை, நேற்றைக்கு 80, இன்றைக்கு 78. இங்கே வயல் வைத்திருக்கிறவர்கள் எல்லாரும் பேப்பரில் முதலில் தேடுகிற எண் அதுதான், இதைவிடப் பயங்கரமான கவுன்ட் டவுன் எனக்குத் தோன்றவில்லை.

கதவைத் திறப்பது யார்? ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கும் ஒரு நர்ஸ். அக்கரையில் டவுன் ரத வீதி வீட்டில் அவளுடைய ஆச்சியை விட்டுவிட்டு வந்தவள். வாரக்கணக்காக ஆச்சி நம்பருக்குப் போட்டுப் பார்க்கிறாள், சுவிட்ச் ஆஃப். ஒருநாள் ராத்திரி ரிங் போகிறது. எடுக்கவில்லை, ஆனால் ரிங் போகிறது. யாரோ சார்ஜ் போட்டிருக்கிறார்கள். அடுத்த நாள் அணை 76 அடி. போக மாட்டாளா? பாலத்தில் காவலுக்கு நிற்கிற அண்ணாச்சிக்கும் அக்கரையில் யாராவது இருந்திருப்பார்களே, அவர் எதிர்ப்பக்கம் திரும்பி போன் பேச மாட்டாரா?

இதைச் சித்தி மகனிடம் முழுசாகச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டான். "நல்லாத்தான் இருக்குண்ணே, ஆனா அந்த ஹெலிகாப்டர் மாதிரி ஒண்ணு வேணும்லா?" என்றான். அவ்வளவு காசுக்கு நாம் எங்கே போவது என்றேன். "ஹெலிகாப்டர் எதுக்கு, சேரன்மாதேவி வயக்காட்டுல கதிரறுக்க மெசின் நிக்கும்லாண்ணே" என்றான். சேற்றில் அது ஓடுகிற வேகத்துக்கு ஜாம்பி டீ குடித்துவிட்டுத் தப்பித்துவிடும் என்று சொல்லிப் பார்த்தேன், கேட்கிற மாதிரி இல்லை. சரி, அந்தக் காட்சியை அவனே எழுதட்டும்.